பெல்ட்டின் வெள்ளைக் கோட்டைத் துரத்தாதீர்கள்

பிஸ்டன்களோடு சுழலும் க்ராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டு, ரிக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த வாரம் வந்தவரின் வண்டியில் வால்வுகள் வளைந்துபோயிருந்தன. பெல்ட்டைச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். மாட்டிய பிறகுதான் கெடுத்திருக்கிறார்.

புது பெல்ட்டில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். அவற்றைக் கேம், க்ராங்க் பற்சக்கரங்களின் குறிகளோடு பொருத்தி மாட்டுகிறோம். பிறகு க்ராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் கோடுகள் எங்கோ போய்விடும். உடனே, "பெல்ட் பல் தாவிவிட்டது" என்று, பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரைத் தளர்த்திக் கேமைத் திருப்பத் தொடங்குகிறார்கள். ஐயா, எதுவும் தாவவில்லை! கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட்டுக்கு 101 பல், க்ராங்குக்கு 20, கேமுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் பெல்ட் 40 பல் நகரும். கோடும் அதே 40 பல் தள்ளித்தான் நிற்கும். எல்லாக் கோடுகளும் பழைய இடத்துக்கே வர க்ராங்க் 202 சுற்றுச் சுற்ற வேண்டும். கோடுகளின் வேலை மாட்டும்போதே முடிந்துவிட்டது. சுற்றிய பிறகு பார்க்க வேண்டியது பற்சக்கரத்தின் குறியும் எஞ்சின் உடம்பில் உள்ள குறியும் நேராக நிற்கின்றனவா என்பதை மட்டும்தான்.

க்ராங்கின் அந்தக் குறியையும் வெளியே தெரியும் பெரிய புல்லியில் தேடாதீர்கள். பல வண்டிகளில் அந்தப் புல்லிக்குள் ரப்பர் வளையம் உண்டு. பழசானால் வெளிவட்டம் வழுக்கிக் குறி பொய் சொல்லும். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் குறியே கணக்கு.

உண்மையிலேயே ஒரு பல் தள்ளிப்போவதும் உண்டு. பெரும்பாலும் தொய்வு டென்ஷனர் இல்லாத பக்கம் தங்கியிருக்கும். டென்ஷனர் இழுத்ததும் கேம் சற்றுத் திரும்பிவிடும். அதனால் க்ராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக ஏற்றிக்கொண்டு போய், மிச்சத் தொய்வை டென்ஷனர் பக்கம் விடுங்கள். ஒரு பல் என்றால் மேற்சொன்ன கணக்கில் க்ராங்கின் 18 டிகிரி. ஐட்லிங் நடுங்கும், இழுவை போகும், க்ராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்கேனர் பி0016 என்ற கோளாறு எண்ணைக் காட்டும். சென்சாரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

கேம் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, க்ராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது பிஸ்டன் வால்வைத் தொடும் இடமாக இருக்கலாம். கை நிறுத்திவிடும். செல்ஃப் மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. "ஒருமுறை சாவி போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசையை மட்டும் தயவுசெய்து அடக்குங்கள்.

செல்ஃப் அடித்துவிட்டீர்கள், எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுழல்கிறதா? வால்வுகள் வளைந்திருக்கலாம், இன்னொரு முறை அடிக்காதீர்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்காமல் எதையும் கழற்றவும் வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுவரும்போது நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "ஓடிக்கொண்டிருந்தது, தானாக நின்றுவிட்டது" என்பார்கள். பெல்ட் மூடியின் போல்ட்டுகளில் இருக்கும் புதுக் கீறல்கள் எங்களுக்கும் தெரியும்.