ரிப்போர்ட்டிங் வெர்ப்: கூற்றுவினை

ஒருவர் சொன்னதை மற்றொருவர் எடுத்துச் சொல்லும்போது, அந்தப் பேச்சைத் தாங்கி நிற்கும் வினைச்சொல்லை ஆங்கில இலக்கணத்தார் ரிப்போர்ட்டிங் வெர்ப் என்பர். 'ரிப்போர்ட்' இலத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ரெ' என்றால் திரும்ப. 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இதே வேரில் வந்தவர்தான். ஓரிடத்தில் கேட்ட பேச்சைச் சுமந்துவந்து வேறிடத்தில் இறக்குவதே இதன் அடிப்பொருள்.

இதை 'அறிக்கை வினை' என்று பெயர்த்தால் பொருந்தாது. அறிக்கை என்றதும் அலுவலகத் தாள்தான் நினைவுக்கு வரும். நேர்கூற்று, அயற்கூற்று என்ற பெயர்கள் பள்ளிப் பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்டதால், 'கூற்றுவினை' என்பதே தக்கதென்று கருதுகிறேன். பெயர்தான் புதிது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே, எழுத்துகள் 'முப்பஃது என்ப' என்று முன்னோர் கூற்றை எடுத்துரைக்கிறது. நாம் அன்றாடம் எழுதும் 'என்று' என்பதும், சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்னும் வினையடியில் பிறந்த எச்சமே.

ஆங்கிலம் எழுதும்போது தமிழர் சறுக்குவதற்கும் தமிழ் வாக்கிய அமைப்பே பெரும்பாலும் காரணமாகிறது. 'என்னிடம் சொன்னான்' என்பதிலுள்ள 'இடம்' என்ற உருபை அப்படியே கொண்டுபோவதால் 'டோல்ட் டு மீ' என்று எழுதிவிடுகிறோம். 'டோல்ட் மீ', 'செட் டு மீ' என்பவையே சரி. 'என்னைப் போகச் சொன்னார்' என்ற அமைப்பு 'டோல்ட் மீ டு கோ' என்பதற்குப் பொருந்தும். 'சஜெஸ்டட்' என்ற வினைக்குப் பொருந்தாது. அங்கே 'சஜெஸ்டட் தட் ஐ கோ' என்றே எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் வில்லங்கமானது மறுப்புவினை. 'தாம் பணம் வாங்கவில்லை என்று அமைச்சர் மறுத்தார்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. படிப்பவர் எவரும் தடுமாறுவதில்லை. காரணம், தமிழில் 'என்று' அவர் சொன்ன சொல்லைத் தருகிறது, 'மறுத்தார்' அதைச் சொன்ன நோக்கத்தைத் தருகிறது. ஆங்கிலத்தின் 'டினைட்' அப்படியன்று. தன்னைத் தொடர்ந்துவரும் செய்தியையே அது இல்லையென்று தள்ளிவிடும். ஆகவே அந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'டினைட்' என்பதற்குப் பின்னே ஒரு 'நாட்' சேர்த்துவிட்டால், பணம் வாங்கியதாக அமைச்சரே சொன்னார் என்றாகிவிடும்.