டெஸ்டோஸ்டிரோன் குறைவு: ‘ஆண்மைக்குறைவு’ என்பது தவறான சொல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற சொல்லின் பாதிப் பொருள் தெரியும். மஞ்சுவிரட்டுக் காளைக்குக் காயடிப்பதில்லை. வண்டிக்கும் ஏருக்கும் பழக்குகிற கன்றுக்குக் காயடிப்பார்கள். அதற்குப் பொலிகாளை அளவுக்குத் திமிலும் கழுத்தும் திரளாது, சீற்றமும் தணிந்துவிடும். காயோடு போன அந்தச் சுரப்பின் பெயர்தான் டெஸ்டோஸ்டிரோன்.

அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும் காளையிடமிருந்துதான். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்தது. விரையைக் குறிக்கும் இலத்தீன் ‘டெஸ்டிஸ்’, கொழுப்பு வகையான ‘ஸ்டெரால்’, வேதியியலின் ‘கீட்டோன்’ மூன்றையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள்.

தமிழில் ‘விரை’ என்றால் விதை. விரைநெல்லிலும் விரைவீக்கத்திலும் இருப்பது ஒரே சொல்தான். இந்தக் குறைபாட்டின் மருத்துவப் பெயரான ‘ஹைப்போகொனாடிச’த்துக்குள் இருக்கும் கிரேக்க வேருக்கும் விதை என்றே பொருள். ஹார்மோன் என்பது ‘இயக்கு, தூண்டு’ என்ற கிரேக்க வினையிலிருந்து 1905இல் வழக்குக்கு வந்தது. இயக்குநீர் என்பது அதற்குச் சரியான தமிழ். ஆகவே டெஸ்டோஸ்டிரோன் ‘விரை இயக்குநீர்’. அதன் குறை ‘விரை இயக்குநீர்க் குறைவு’.

பேருந்து நிலையச் சுவர்களில் எழுதியிருக்கும் ‘ஆண்மைக்குறைவு’ ஏன் கூடாது? ஆண்மை, ‘ஆள்’ என்ற வேரில் பிறந்தது, ஆளும் திறனைக் குறிப்பது. வேளாண்மை, தாளாண்மை எல்லாம் அந்த வழிதான். இரத்தத்தில் அளக்கும் ஒரு பொருளுக்கு அந்தச் சொல்லைச் சூட்டினால், இருபத்தைந்து வயதுப் பையன் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல் லேகியம் வாங்குகிறான். விறைப்புக் கோளாறு வேறு, இது வேறு. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், மனப்பதற்றம் ஆகியவற்றால் விறைப்பு குறைந்தவர்கள் பலருக்கு இயக்குநீர் சரியாகவே இருக்கும்.

உண்மையான குறைவு என்றால் காம நாட்டம் குறையும், விடியற்கால விறைப்பும் குறையும், தாடி மெலியும், சிலருக்கு மார்பு வீங்கும். வெறும் அசதியை வைத்து முடிவு கட்டக்கூடாது.

பரிசோதனையில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. இளைஞர்களுக்குக் காலையில் அளவு உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கிவிடும். இனிப்போ உணவோ உள்ளே போனாலும் அது தாழும். எனவே காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டும். கந்தரப்பமும் டீயும் பிறகு. காய்ச்சலின்போதும், தூக்கமில்லாத இரவுக்கு மறுநாளும் வேண்டாம். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் வேறொரு நாள் மறுபடி பார்க்கவேண்டும். இருமுறையும் குறைந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைவு. உடல் பருத்தவர்களுக்கு, இதைச் சுமக்கும் புரதம் குறைவதால் மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். அவர்கள் கட்டற்ற அளவையும், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கையும், பார்க்கவேண்டும்.

அடுத்துப் பார்ப்பது எல்.எச்., எஃப்.எஸ்.எச்.: மூளையடிச் சுரப்பி (பிட்யூட்டரி) விரையை வேலைவாங்க அனுப்பும் இரண்டு இயக்குநீர்கள். இவை உயர்ந்திருந்தால் பழுது விரையில்: பொன்னுக்குவீங்கி விரையைத் தாக்கியது, கீழிறங்காத விரை, பிறவியிலேயே கூடுதல் எக்ஸ் குரோமோசோம். உயராமல் இருந்தால் மூளையடிச் சுரப்பியின் பக்கம் தேடவேண்டும், அந்தச் சுரப்பியின் இன்னொரு இயக்குநீரான புரோலாக்டினையும் பார்ப்பார்கள். இளைஞர்களிடம் இப்படி உயராமல் இருப்பதற்குப் பருமன், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ஜிம்மில் போட்ட ஸ்டீராய்டு ஆகியவை முக்கியக் காரணங்கள். ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்குப் பகல் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. எடையும் தூக்கமும் சீரானால் பலருக்கு மருந்தில்லாமலே ஏறும்.

குழந்தை வேண்டுகிறவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து வந்ததும் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்தும், விரை சுருங்கும், விந்தணு மிகவும் குறையும், பலருக்கு அற்றே போகும். ஊசியை நிறுத்திய பின் மீள மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் தாண்டும். குழந்தை வேண்டுகிறவர்களுக்கு விரையையே வேலைவாங்கும் எச்.சி.ஜி. போன்ற மருந்துகளை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் தருவார்.