யுரேனியச் சுரங்கத்துக்கு நிலம் கேட்டால்: சட்டம் ஊருக்குத் தருவதும் தராததும்

ஒரு டன் பாறையை வெட்டி மேலே கொண்டுவந்தால் அதில் அரைக் கிலோ யுரேனியம்கூடத் தேறாது. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்துத் தும்மலபள்ளியில் கிடைக்கும் தாதுவின் தரம் அவ்வளவுதான். ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் சற்றுக் கூடுதல், அதுவும் ஒரு கிலோவை எட்டாது. மிச்சப் பாறை முழுவதும் மாவாக அரைக்கப்பட்டு, சேறாகக் கழிவுக் குட்டைக்குப் போகிறது. யுரேனியத்தைப் பிரித்த பின்னும் ரேடியம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும். அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே நிலம் கேட்டு அதிகாரிகள் வரும்போது, சுரங்க வாய் எங்கே என்பதோடு குட்டை எங்கே, எந்தச் சர்வே எண்களில் என்பதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இன்றுவரை இந்தியாவில் யுரேனியம் தோண்டி எடுத்துவரும் நிறுவனம் ஒன்றுதான்: 1967இல் தொடங்கப்பட்ட இந்திய யுரேனியக் கழகம். மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். எதிரில் இருப்பது அரசே என்பதால் ஊருக்குச் சில பாதுகாப்புகள் குறைகின்றன. எவை என்று பார்ப்போம்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இப்படியொரு திட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டியிருந்தது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், பேசியதெல்லாம் பதிவில். அந்தக் கூட்டங்கள் பலவும் சடங்குதான் என்றாலும், ‘இதை நாங்கள் அன்றே சொன்னோம்’ என்று காட்ட ஒரு காகிதம் மிஞ்சியது. 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணையால் அதையும் எடுத்துவிட்டது. அணுக் கனிமங்களுக்கும், முக்கியமானவை என்று பட்டியலிட்ட வேறு சில கனிமங்களுக்கும் இனி மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை, பரிசீலனையும் டெல்லியில்தான். குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரக் கடற்கரை மணலில் இருக்கும், தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமமும் அணுக் கனிமப் பட்டியலில் உள்ளது. அதனால் தமிழக முதல்வரும் இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் சுற்றுச்சூழல் அனுமதியும் இன்னும் கட்டாயம். அனுமதி கிடைத்ததும் நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். கூட்டம் இல்லாத நிலையில், ஊரில் யாராவது ஒருவர் அந்த விளம்பரத்துக்காகப் பேப்பர் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது நிலம். நில எடுப்பு அறிவிக்கை கைக்கு வந்ததும் தொகையைத் தேடாமல், அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று மேல் வரியைப் படியுங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் என்றால், பூர்வாங்க அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கு முன்பே சமூகத் தாக்க ஆய்வு, அதாவது நிலம் போவதால் ஊர் மக்களின் வாழ்க்கை எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வு, நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியபோது 13 மத்தியச் சட்டங்களைத் தனியே ஒதுக்கிவைத்தார்கள். 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமும் 1885ஆம் ஆண்டின் சுரங்க நில எடுப்புச் சட்டமும் அவற்றில் அடக்கம். அப்படி ஒதுக்கப்பட்ட சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால் சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் 2013 சட்டத்தின் அளவிலேயே தர வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது.

நில உரிமையாளர்களில் 80 சதவீதம் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் அடிபடும். அது தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்கும்போது மட்டும். பொதுத்துறைக்கு அந்த நிபந்தனை இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியாக இருந்தால் கதை வேறு: அங்கே யாருக்காக எடுத்தாலும் கிராம சபையின் முன் ஒப்புதலை 2013 சட்டம் கேட்கிறது. ஜாதுகோடா இருக்கும் கிழக்கு சிங்பூம் மாவட்டம் அத்தகைய பகுதி. தும்மலபள்ளி அப்படியல்ல. பூமிக்கடியில் ஒரே கனிமம், மேலே இரண்டு வகைக் குடிமக்கள்.

இழப்பீட்டுக் கணக்கு எளிதுதான். பக்கத்து ஊர்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். பதிவுத்துறை மதிப்பு அதைவிட உயர்வாக இருந்தால் அதுவே கணக்கு. கிராமப்புறத்தில் அதை ஒன்று முதல் இரண்டு வரையான எண்ணால் பெருக்குவார்கள். எந்த எண் என்பது மாநில அரசின் கையில். வருவதற்குச் சமமாக ஆறுதல் தொகை சேரும். ஏக்கர் 5 லட்சம் என்று வந்தால், இரண்டால் பெருக்கி 10 லட்சம், ஆறுதல் தொகையோடு 20 லட்சம். மரம், கிணறு, வீட்டுக்குத் தனி மதிப்பு. பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கப் பாதி விலைக்கு எழுதிப் பழகிய வட்டாரமானால், அந்தச் சிக்கனம் இப்போது முழு ஊர் தலையிலும் விடியும்.

பட்டா இல்லாதவர்களும் இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மூன்று ஆண்டாக அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர், விவசாயக் கூலி எல்லோரும் இதில் வருவார்கள். அவர்களுக்கு நில விலை கிடைக்காது. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை (விலைவாசிக் குறியீட்டோடு உயரும்), இவற்றில் ஒன்று உண்டு. ஆனால் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. சண்டை போடுவதானால் பட்டியல் தயாராகும் நாளில் போட வேண்டும். காசோலை வரும் நாளில் போட்டுப் பயனில்லை.

காசோலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொகை போதவில்லை என்று பிறகு வழக்காட நினைப்பவர், அதைப் பெறும்போதே ரசீதில் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். 77ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகச் சுரங்க நிறுவனங்கள் பணம் செலுத்தும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி கோடிகளைக் கொட்டும் என்று மேடையில் சொல்வார்கள். இரும்புத் தாதுக்கும் நிலக்கரிக்கும் அது பொருந்தலாம். அந்த நிதி, மாநில அரசுக்குத் தரும் ராயல்டியை வைத்துக் கணக்கிடப்படுகிறது; யுரேனியத்துக்கான ராயல்டி சந்தை விலையைப் பார்த்து வருவதில்லை. யுரேனியக் கழகம் மத்திய அரசிடமிருந்து ஆண்டுதோறும் பெறும் ஈட்டுத் தொகையில் 2 சதவீதம், அதையும் மாநிலங்களுக்குள் பிரிக்க வேண்டும். 2015 ஜனவரி 12க்குப் பின் கொடுத்த குத்தகை என்றால் அந்த ராயல்டியின் அளவில் 10 சதவீதம் அறக்கட்டளைக்கு. முந்தைய குத்தகைக்கு 30 சதவீதம். கழகத்துக்கு 100 ரூபாய் வந்தால், புதிய சுரங்கத்திலிருந்து மாவட்டத்துக்கு 20 பைசா. அதைக் குடிநீர், மருத்துவம், பள்ளி என்று செலவிட வேண்டும் என்பதெல்லாம் நல்ல விதிதான்.

கடைசியாகக் கிணறு. கடப்பா வட்டாரம் போன்ற பகுதிகளில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கும். தும்மலபள்ளியைச் சுற்றியுள்ள விவசாயிகள் ஆழ்துளைக் கிணற்று நீர் கெட்டுவிட்டது, வாழை கருகுகிறது என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். இத்தகைய புகாருக்கு ‘அது முன்பே இருந்தது’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். அதை மறுக்கச் சுரங்கத்துக்கு முந்தைய அளவு தேவை. எனவே முதல் துளை விழுவதற்கு முன்பே, ஒவ்வொரு கிணற்றிலும் தேதி குறித்து நீர் எடுத்து, ஊராட்சித் தீர்மானத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவைக் கிராம சபைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். முடிவைப் படிக்கும்போது கவனம்: உலக சுகாதார அமைப்பு குடிநீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்கிறது, இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அளவு 60. உங்கள் கிணறு 45 காட்டினால், எந்த அளவுகோலை வைத்து ‘பாதுகாப்பானது’ என்று எழுதினார்கள் என்பதையும் அதே தாளில் கேட்டு வாங்குங்கள்.