அரகோனைட்டு

கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவங்களில் ஒன்று. பவளப்பாறைகளை எழுப்பும் பவள உயிரிகள் தம் கூட்டைக் கட்டுவது இதைக் கொண்டுதான். ஸ்பெயினின் மோலினா தே அரகோன் என்ற ஊரில் கிடைத்த படிகங்களை வைத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் இட்ட பெயர் இது. (அந்த ஊர் இன்றைய அரகோன் மாநிலத்தில் இல்லை.)

இதே வேதிப்பொருளின் இன்னொரு வடிவம் கால்சைட்டு. சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அதுதான். கடல்நீரில் அரகோனைட்டு அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எளிதாகக் கரையும். பவளத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அரகோனைட்டைத் தமிழில் ‘பவளக் கனிமம்’ என்று பெயர்த்தால் என்ன? பொருந்தாது. முத்தும் சிப்பியின் பளபளப்பான உட்பூச்சும்கூட அரகோனைட்டுதான். புறநானூறு பொன்னோடும் முத்தோடும் சேர்த்துச் சொல்லும் துகிரோ செம்பவளம். அதன் தண்டு கால்சைட்டு வகை. ஆகவே ‘அரகோனைட்டு என்னும் சுண்ணாம்புக் கனிமம்’ என முதலில் ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு பெயரை அப்படியே ஆள்வதே நல்லது.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கடலில் கரைந்து ஹைட்ரஜன் அயனிகளைக் கூட்டுகிறது. அவை கூடு கட்டத் தேவையான கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். (அமில-கார அளவு) இன்று 8.1ஐ ஒட்டி நிற்கிறது. சிறு வித்தியாசமாகத் தோன்றினாலும், இது மடக்கை அளவு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று பொருள். நீர் இன்னும் காரம்தான்.

அரகோனைட்டின் தெவிட்டு நிலை, அதாவது அது படிவதற்கான கால்சியமும் கார்பனேட்டும் நீரில் எவ்வளவு நிறைந்துள்ளன என்ற அளவு, 1க்குக் கீழே போனால் திசு மூடாத வெறுங்கூடு கரையும். வெப்பக் கடல்களின் மேற்பரப்பில் அது பெரும்பாலும் 3க்கு மேலேதான் இருக்கிறது. அதனால் ‘பவளம் கரைகிறது’ என்று எழுதுவது அவசரம். உண்மையில் கூடுவது கட்டுமானச் செலவு. திசுவுக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய திரவப் படலத்திலிருந்து பவளம் ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே இறைக்க வேண்டும். வெளியே அவை மிகுந்தால் இறைப்பதும் கடினம். போரைட்டிஸ் என்னும் பவள வகையில் உயர வளர்ச்சி அவ்வளவாகக் குறைவதில்லை. சுவர் தடிப்பதுதான் குறைகிறது. அளவுகோலுக்கு இது தெரியாது. வெட்டிய துண்டை எக்ஸ்ரே எடுத்தால் ஆண்டு வளையங்களின் அடர்த்தி காட்டிக்கொடுக்கும். அடர்த்தி குறைந்த கூடு புயலலையில் எளிதில் உடையும். துளையிடும் கடற்பஞ்சுகளுக்கும் தோதாகிவிடும்.

இறைக்கும் ஆற்றலுக்கான உணவில் 90 விழுக்காடு வரை தருவது பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. கோடை உச்சத்தைவிட நீர் 1 டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறி, பவளம் வெளிறுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இதுதான் நடந்தது. வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, ஆனால் கூடு கட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும்.