தாளும் குத்தியும்: நோட்டுக்கும் நாணயத்துக்கும் வன்னி வைத்திருக்கும் சொற்கள்

வடஇலங்கையின் வன்னியில், கிளிநொச்சிச் சந்தையில் வெண்டிக்காய் வாங்கிவிட்டு ஐயாயிரம் ரூபாவை நீட்டினால், “மிச்சம் தர என்னட்டை இல்லை அண்ணை, சின்னத் தாள் இருக்கே?” என்பார் கடைக்காரர். பஸ்ஸில் கொண்டக்டர், “பத்து ரூபாக் குத்தி ஒண்டு இருந்தாத் தாங்கோ அக்கா” என்பார். தமிழ்நாட்டில் ரூபாய் நோட்டு என்பது இங்கே தாள். அங்கே நாணயம், சில்லறை என்பது இங்கே குத்தி. நோட்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவோர் பணத்தாள், பணமுறி என்றெல்லாம் ஆக்கிப் பார்க்கிறார்கள். புதிதாக ஒன்றை ஆக்க வேண்டிய தேவை இல்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்காதவரும் நாள்தோறும் சொல்லும் சொல்லே போதும்.

தாள் என்பதன் பழைய பொருள்களில் அடி, பாதம் என்பது ஒன்று. பயிரின் தண்டு என்பது இன்னொன்று. கதிரை அரிந்தபின் வயலில் நிற்கும் அடித்தண்டை அகராதிகள் அரிதாள் என்கின்றன. முயற்சி என்ற பொருளும் உண்டு. “தாளாற்றித் தந்த பொருள்” என்று குறள் சொல்வது பாடுபட்டுத் தேடிய செல்வத்தை. எழுதும் காகிதத்துக்கும் அச்சடித்த காசுக்கும் இந்தச் சொல் வந்தது பிற்காலத்தில். காகிதம் என்பது பாரசீக வழி வந்த சொல். அதற்கு நல்ல தமிழாக நின்றது தாள். தமிழ்நாட்டில் நோட்டு என்றால் பள்ளிக்கூடத்து எழுதுபுத்தகமும் ஆகலாம், ரூபாயும் ஆகலாம். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை: எழுதுவது கொப்பி, செலவழிப்பது தாள்.

குத்தி என்பதன் எழுத்து வடிவம் குற்றி. காற்று காத்து ஆவதும் நேற்று நேத்து ஆவதும் போலக் குற்றி குத்தி ஆயிற்று. குறுமை என்ற அடியில் பிறந்த சொல். குறுகத் தறித்த கட்டையைக் குறிப்பது. பாலைக்குத்தி, முதிரைக்குத்தி என்று மரம் தறிப்பவர்கள் சொல்வது இதைத்தான். அச்சுக் குத்தி அடிப்பதால் குத்தி என்றாயிற்று என்று சொல்வோரும் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், நாணயக்குற்றி என்று றகரத்தோடு எழுதும் வழக்கம் நெடுநாளாக இருப்பதால் குறுமை என்ற வழியையே நான் ஏற்கிறேன். காட்டில் புழங்கும் சொல் ஒன்றும் வயலில் புழங்கும் சொல் ஒன்றும் காசுக்குப் பெயராகி நிற்பது, காடும் வயலுமான இந்த மண்ணில் வாழும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இரண்டுக்கும் பொதுப்பெயர் காசு. பழைய பாடல்களில் காசு என்பது அணிகலனில் கோத்த மணியையும் குறிக்கும். காசுமாலையில் அந்த உறவு இன்னும் தெரிகிறது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்ற பெயர் வருகிறது. யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் பொறித்த காசு வெளியிட்டார்கள். ஆங்கிலத்தின் கேஷ் நம் காசிலிருந்து பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. ஆசிய நாடுகளின் சிறுகாசைக் குறிக்கும் கேஷ் போர்த்துக்கேயர் வாய்வழி நம் காசிலிருந்து போனது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் வேறொரு ஐரோப்பியச் சொல்லின் வழி வந்தது.

இனி மதிப்புக்கு வருவோம். “தாள் வெறும் கடுதாசி, குத்திதான் காசு” என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு காலத்தில் சரியான பேச்சுத்தான். 1872இல் இலங்கை ரூபாவையும் அதில் நூறில் ஒன்றான சதத்தையும் கணக்குப் பணமாக்கியபோது, ரூபா என்பது இந்திய வெள்ளி ரூபா. நிறை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாவாக அடித்து வாங்கலாம் என்பதால், உருக்கினாலும் ஏறக்குறைய அதே பெறுமதி. 1893இல் இந்தியாவில் காசடிக்கும் அக்கசாலைகள் பொதுமக்களுக்கு அப்படி அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. அதன்பின் ரூபாவின் முகப்பெறுமதி மேலே நின்றது, அதிலுள்ள வெள்ளியின் விலை கீழே போனது. வெள்ளிக்குத்தியே அரசின் சொல்லால் ஓடத் தொடங்கிய காலம் அது.

தாளின் கதை இதற்கு முன்பே ஒரு பெரிய அடி வாங்கியிருந்தது. அக்காலத்தில் இலங்கையில் தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றில் பெரியது ஓரியண்டல் வங்கி. கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிய, கடன் கொடுத்திருந்த அந்த வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. அதன் தாளை வைத்திருந்தவர்கள் கதிகலங்கினார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். கலவரம் அடங்கியது. அதே காகிதம், அதே மை. பொறுப்பேற்க ஒருவர் வந்ததும் அது மறுபடி காசாயிற்று. அந்த ஆண்டே தாள்காசுச் சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசே தாள் வெளியிட்டது. மத்திய வங்கி வந்தது 1950இல்.

இன்னொரு செய்தியை, குத்தியே மேல் என்பவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942இல் இலங்கை அரசு சதங்களைத் தாளில் அடித்தது. ஐந்து சதத் தாளின் நடுவே முத்திரையில் உள்ளதுபோல் துளை வரிசை. கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். சனம் வாங்கியது, கொடுத்தது.

இன்று நம் கையில் உள்ள குத்தியில் வெள்ளி இல்லை. 2017இல் வந்த ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக் குத்திகள் துருப்பிடிக்காத உருக்கு. அவை நீடித்து உழைக்கும், தாள் சீக்கிரம் நையும். சிறுதொகைக்குக் குத்தி அடிப்பதன் காரணம் அதுதான். மதிப்பில் உயர்ந்தது என்பதற்காக அல்ல.

தாளுக்கென்று ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். குறித்த நாட்களுக்குள் வங்கியில் கொடுக்காதவை செல்லாக்காசாயின. குத்திகளை யாரும் தொடவில்லை. 2022இல் அறிவிப்பே இல்லாமல் மதிப்புக் கரைந்தது: மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது, செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த முறை குத்திக்கும் தாளுக்கும் ஒரே கதிதான்.

வன்னிச் சனம் இதைவிடக் கொடிய பாடம் ஒன்றையும் கடந்து வந்தது. 2009இல், போரின் இறுதியில், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரையில், தாள்கட்டு வைத்திருந்தவர்களும் ஒரு கொத்து அரிசிக்கு அலைந்தார்கள். சங்கிலியும் காப்பும் அடிமாட்டு விலைக்குப் போயின. வாங்க அரிசி இல்லாத இடத்தில் பொன்னும் விலை இழந்தது. காசின் மதிப்பைப் பற்றி எவர் எழுதினாலும் அந்தக் கரையை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆகவேதான் காசைப் பற்றிய தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் செல்லும் என்பது. செல்லும், செல்லாது, செல்லாக்காசு, செலவு எல்லாம் செல் என்ற ஒரே அடி. எதனால் செய்தது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கைவிட்டுக் கை போகுமா என்று மட்டும் கேட்கிறது.

எழுதும்போது: மத்திய வங்கியின் தமிழில் நாணயத்தாள், நாணயக்குத்தி என்பன நிலைத்துவிட்டன, அரசாங்கக் கடிதத்துக்கு அவை பொருந்தும். நாணயம் வடமொழி நாணகத்தோடு உறவுடையது என்பதால் அதைத் தவிர்க்க விரும்புவோர் தாள்காசு, குத்திக்காசு என்று எழுதலாம். ரூபா என்பதன் பின் வல்லினம் மிகும்: ஆயிரம் ரூபாத் தாள், ஐந்து ரூபாக் குத்தி.