கணக்குப் போடும் கண்

என் பெறாமகளின் சாமத்திய வீடு (பூப்புனித விழா) முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு அல்பம் வந்தது. திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் விடியற்காலை எடுத்த படங்கள்தான் அதில் பாதி. காற்றுக்குத் தாவணி பறக்கிறது, பின்னால் அலை, அவள் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறாள். எந்தப் பாட்டில் எந்தக் கதாநாயகி அப்படித் திரும்பினார் என்று அவளோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வெயிலும் உப்புக்காற்றும் பட்ட எங்கள் திருமலைப் பிள்ளைகளின் மாநிறம் மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. ஸ்டூடியோவில் கணினியிலேயே வெளுத்துவிட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் "நல்ல வடிவு" என்றார்கள். இரண்டு நாள் அவள் அந்த அல்பத்தோடேயே இருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "சித்தி, இதில இருக்கிறது நான்தானே? பிறகேன் கண்ணாடியில இப்பிடி இல்ல?"

அவளுக்கு வயது 13. "அது எடிட்டிங் பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு நான் சொல்ல முயன்றதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது நம் வீடுகளில் பழைய பேச்சு. ஆனால் திரை எந்தப் பிள்ளையையும் "இப்படி இரு" என்று அதட்டுவதில்லை. அதட்டினால் அந்த வயது எதிர்த்து நிற்கும். எது சாதாரணம் என்று பிள்ளை மனதில் வைத்திருக்கிற அளவைத்தான் அது சத்தமில்லாமல் நகர்த்துகிறது.

முகங்களையும் உடம்புகளையும் பார்க்கப் பார்க்க, மூளை அவற்றுக்கு ஒரு சராசரி எடுத்து வைத்துக்கொள்ளும். மீன் சந்தையில் தினமும் நிற்பவருக்கு ஒரு பாரை மீன் பெரிதா சிறிதா என்று தராசு இல்லாமலே தெரிகிறதே, அதே மாதிரி. புதிதாக ஓர் ஆளைக் கண்டதும் ஒல்லி, பருமன், கறுப்பு, வெள்ளை என்று நமக்குப் படுவது அந்தச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான். எதைக் கணக்கில் சேர்ப்பது என்று மூளை நம்மிடம் கேட்பதில்லை. பஸ் நிலையத்தில் கண்ட முகமும் நாடகத்தில் கண்ட முகமும் ஒரே பெட்டியில் போய் விழும்.

நிகரகுவா நாட்டில், தொலைக்காட்சி அதிகம் எட்டாத கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஒல்லியான மாடல்களின் படங்கள், மற்றவர்களுக்குப் பருமனான மாடல்களின் படங்கள். பார்த்தது வெறும் 15 நிமிடம். அதற்குள்ளேயே, "வடிவான பெண் உடம்பு" என்று அவர்கள் உருவாக்கிக் காட்டிய வடிவம் பார்த்த படங்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் 15 நிமிடத்தோடா நிறுத்துகிறார்கள்?

இதில் நெருக்கக்காட்சிக்குத் தனிப் பங்கு இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் ஆயிரம் பேரைக் கண்டாலும், ஒருவருடைய முகத்தையாவது ஓர் அடி தூரத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருப்போமா? அப்படிப் பார்ப்பது தாயின் முகத்தை, மடியில் கிடக்கும் குழந்தையின் முகத்தை. திரையோ நடிகையின் முகத்தை அந்தத் தூரத்தில் கொண்டுவந்து வைக்கிறது. மனம் அவரை உறவுக்காரர் போலவே ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒருதலை உறவைப் பற்றி ஹோர்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்தது பரிசு. ஒருவர் செய்வதைப் பார்க்கும் பிள்ளைகள், அவருக்கு அதனால் நல்லது கிடைத்ததா அடி விழுந்ததா என்பதையும் சேர்த்துக் கற்கிறார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் காட்டினார். நம் படங்களில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வெள்ளை நிறக் கதாநாயகிக்குக் காதலும் பாட்டும். கறுத்த பெண்ணுக்குப் பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சியில் ஒரு கேலி, அதற்குக் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இடைவேளையில் வரும் விளம்பரத்தில் முகம் வெளுத்த பிறகுதான் வேலை கிடைக்கிறது. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி கிறீம், பெயரில் இருந்த வெண்மையை 2020இல்தான் நீக்கியது. அதற்கிடையில் 45 வருடம்.

ஃபிஜித் தீவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அங்கே நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். நம் ஆச்சிமாரைப் போலவே அந்த ஊராருக்கும் சதைப்பிடிப்பான உடம்புதான் நல்ல உடம்பு. பிள்ளை மெலிந்தால் கவலைப்படுவார்கள். மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் பாடசாலை மாணவிகளிடம் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதத்தினர் சொன்னார்கள். மெலிந்தால் நல்ல வேலையும் கிடைக்கும் என்று சில பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு மாணவிகள் என்பதால், பழி முழுவதையும் தொலைக்காட்சியின் தலையில் போட முடியாது. ஆனாலும் மூன்றே வருடம் என்பது என்னை உலுக்குகிறது.

பையன்களும் இதற்குத் தப்பியவர்கள் அல்ல. சலூனில் ஃபோனை நீட்டி "இந்த மாதிரி வெட்டுங்க அண்ணா" என்பவனுக்கு மயிரை வெட்டிவிடலாம். அந்த நடிகரின் தோளையும் மார்பையும் யார் கொடுப்பது?

பெரியவர்கள் நாமும் இதே படங்களைத்தான் பார்க்கிறோம். பதின்ம வயதில் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது? பாராட்டுக்கு மலரும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் கூர்மையாகிவிடும். நிதானிக்கச் செய்யும் முன்மூளை முதிர இருபது வயதும் தாண்டவேண்டும். போதாததற்கு, ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வேறு. 1967இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதற்குக் கற்பனைப் பார்வையாளர் என்று பெயர் வைத்தார். முகத்தில் ஒரு பரு வந்தால் ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று நிற்கும் பிள்ளை வீம்புக்கு நிற்கவில்லை.

டிவியை நிறுத்திவிட்டால் சரியா? பெக்கரின் குழு 2011இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பிள்ளை தானே பார்ப்பதை விடச் சிநேகிதிகள் பார்ப்பதோடுதான் உண்ணும் பழக்கத்தில் வரும் கோளாறு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது. சரி, "இது திருத்திய படம்" என்று எழுதிவிட்டால்? பிரான்சில் 2017 முதல் மாடல்களின் விளம்பரப் படங்களுக்கு அப்படி ஒரு சட்டமே இருக்கிறது. ஆனால் இத்தகைய குறிப்புகளைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் தன் உடம்பைப் பற்றிய மனக்குறை குறையவில்லை. வாசிப்பது அறிவு, சராசரி எடுப்பது கண்.

அதே கண் நல்லதையும் எடுக்கும். தமிழ்நாடு உட்பட ஐந்து இந்திய மாநிலங்களில் பொருளியலாளர்கள் ஜென்சனும் ஆஸ்டரும் செய்த ஆய்வு 2009இல் வந்தது. கேபிள் டிவி வந்த கிராமங்களில், புருஷன் அடிப்பது சரி என்று சொன்ன பெண்கள் குறைந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. தாங்களே முடிவெடுக்கும் பெண்களை நாடகங்களில் கண்டார்கள்.

பிள்ளைகளே வாய்திறந்து அந்த அழகு இலக்கணத்தை எதிர்த்துப் பேசவைக்கும் முறை ஒன்றை எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளர் வகுத்தார். கேட்ட அறிவுரையை விடத் தான் சொன்ன சொல் மனதில் நிற்கும் என்பதே அதன் அடிப்படை. பல சோதனைகளில் அது பலன் தந்திருக்கிறது.

நாங்கள் ஸ்டூடியோவில் கேட்டு, கைவைக்காத படங்களைப் பென்டிரைவில் வாங்கினோம். அவளும் மூன்று சிநேகிதிகளும் அல்பத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். "இஞ்ச பாருங்கடி, என்ர மச்சத்தைக் காணேல்ல!" என்றாள் திடீரென்று. மேலுதட்டுக்கு மேலே இருக்கிற அந்த மச்சம் எங்கள் அம்மாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. பிறகு நால்வரும் களவுபோனவற்றைத் தேடத் தொடங்கினார்கள்: முழங்கைத் தழும்பு, கழுத்து மடிப்பு, கன்னத்து நிறம்.

முகம் வெளுக்கக் கிறீம் கேட்பதை அவள் இன்னும் விடவில்லை. ஆனால் கூடத்தில் டிவிக்கு மேலே மாட்ட அவள் எடுத்துத் தந்தது மச்சம் உள்ள படத்தை.