பியூகிள் பாய்: கொம்பூதும் பையன்

1941-இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவர் பாடிய ஆங்கிலப் பாட்டு ‘பூகி ஊகி பியூகிள் பாய்’. இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? பாட்டின் நாயகனுக்குப் பெயரே கிடையாது. சிக்காகோ பக்கத்தில் பேர்போன டிரம்பெட்காரன் என்று மட்டும் தெரியும். அமெரிக்காவில் 1940 செப்டம்பரில் கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்தது. அப்படி ஆள் சேர்த்ததில் இவனும் மாட்டிக்கொள்கிறான். ராணுவம் தந்த வேலை, விடியற்காலையில் பியூகிள் ஊதிப் படையை எழுப்புவது.

டிரம்பெட்டும் பியூகிளும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. டிரம்பெட்டில் மூன்று அடைப்பான்களை அழுத்தி எல்லாச் சுரங்களையும் எடுக்கலாம். பியூகிள் வெறும் வளைந்த குழாய். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் நாலைந்து சுரம் எடுத்தால் அதிகம். பெரிய கலைஞனுக்கு இது தண்டனை இல்லாமல் வேறென்ன? பாட்டின் வேடிக்கையே அதில்தான் இருக்கிறது. துணைக்கு பேஸும் கிட்டாரும் இல்லாமல் அவனுக்கு வாசிக்க ஓடவில்லை. கடைசியில் கேப்டனே இறங்கிவந்து, ஒரு வாத்தியக் குழுவையும் கட்டாயமாகப் படையில் சேர்த்துவிடுகிறார்!

‘பியூகிள்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலம் லத்தீனில் இளங்காளையைக் குறிக்கும் ‘பூகுலுஸ்’. மாட்டுக் கொம்பை ஊதியதால் மாட்டின் பெயரே வாத்தியத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் ‘கொம்பு’ம் விலங்கின் தலையிலிருந்து வாத்தியத்துக்கு வந்த பெயர்தான். அதனால் பியூகிளுக்குக் கொம்பு அல்லது ஊதுகொம்பு என்பதே பொருத்தம். எக்காளத்தை டிரம்பெட்டுக்கு விட்டுவிடலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மேலே சொன்ன வேடிக்கை போய்விடும்.

அவன் காலையில் ஊதும் ‘ரெவலி’, ‘விழித்தெழுங்கள்’ என்ற பிரெஞ்சு ஏவலிலிருந்து வந்தது. இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம். பாசறையில் உறங்கும் மன்னரைச் சூதர் என்னும் புகழ்பாடுவோர் பாடி எழுப்புவதைத் தொல்காப்பியம் ‘துயிலெடை நிலை’ என்கிறது.

‘பூகி ஊகி’ கறுப்பின இசைக்கலைஞர்களின் பியானோ பாணி. இடக்கை ஒரு தாளக்கட்டுக்கு எட்டுத் தட்டாக உருண்டுகொண்டே இருக்க, வலக்கை அதன்மேல் விளையாடும். பைன்டாப் ஸ்மித் 1928-இல் சிக்காகோவில் பதிவு செய்த இசைத்தட்டால் இந்தப் பெயர் பரவியது. இதைப் பெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. ஜாஸை நாம் பெயர்க்கவா செய்தோம்?

‘பாய்’ என்று எழுதினால் படுக்கிற பாய் நினைவுக்கு வரும். பையன் போதும். பாட்டில் அவன் இருக்கும் ‘பி கம்பெனி’யும் வியாபார நிறுவனம் அல்ல, படைப்பிரிவு. ஆக, ‘பி அணியின் பூகி ஊகி கொம்பூதும் பையன்’ என்று சொல்லலாம்.